பெய்யாத மழையின் ஒன்பது நாட்கள்

தாயி,

உன் கடுதாசி வந்து பதினோரு நாள் ஆகிறது. வந்த அன்றைக்கே பதில் போடுகிற அப்பா இந்தத் தடவை ஏன் போடவில்லை என்று யோசித்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டது ஒரே ஒரு வரி. "இந்த இருபத்திரண்டு வருஷத்து மழைக் கணக்கும் நான் நேரில் அளந்து எழுதியது" என்று ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாய். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவை மையில் தொட்டேன். முள்ளில் மை காய்ந்தது. மறுபடி தொட்டேன். அப்படியே மூன்று நாள் போனது. அந்த வரியை என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடுதாசி. இதை உன் ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

நீ எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். ஸ்டாடிஸ்டிக்ஸில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க மூன்று இடங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாய். உனக்கு ஆனர்ஸ் இல்லை. கணக்கில் பட்டம் இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்து, அருப்புக்கோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, யுத்த காலத்தில் மதராஸுக்குப் போய் ரேஷன் ஆபீஸில் கூட்டல் கழித்தல் போடுகிற குமாஸ்தாவாகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே சரித்திரத்தில் பி.ஏ. எழுதியவள் நீ. உன் மேலதிகாரி இரவல் கொடுத்த புஸ்தகங்களை வைத்து நீயாகவே படித்தாய். அதனால் பட்டத்துக்குப் பதிலாகக் காட்ட உன் கையில் இருப்பது அந்த ஒரு கட்டுரைதான். நம் ஊர் மழையைப் பற்றிய கட்டுரை. போன வருஷம் லீவில் வந்து, வெயிலில் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, என் கையெழுத்தில் இருந்த ரிஜிஸ்டர்களை நீயே பிரதி எடுத்துக்கொண்டு போனாய். அப்போது நான் உனக்கு மோர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு எழுதுகிறதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

லண்டன்காரர் உன் கட்டுரையைப் பாராட்டி, முறைப்படி விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து நீ எழுதிய பரீட்சை மார்க்குகளையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கல்கத்தாக்காரர் மட்டும் பாராட்டு ஒன்றும் இல்லாமல் அரைப்பக்கம் எழுதி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். அளந்தவர் யார்? எந்த நேரத்தில், எப்படி அளந்தார்? அளக்காமல் விட்டுப்போன நாட்கள் உண்டா? "பொம்பளை என்பதால் என்னை நம்பவில்லையோ, ஆனர்ஸ் இல்லாததால் நம்பவில்லையோ தெரியவில்லை அப்பா. அவருக்கு நான் விண்ணப்பம் போடப் போவதில்லை" என்று எழுதியிருந்தாய். கோபத்தில் பேனாவை அழுத்தியிருக்கிறாய், பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது. அப்புறம் கடைசியில், போகிற போக்கில் ஒரு விஷயம். "ஒரே ஒரு வருஷம் மட்டும் விசித்திரமாக இருக்கிறது. அந்தக் கார்த்திகையில் மழை ரெண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, வாத்தியார் பாடம் நடத்துகிற மாதிரி பெய்திருக்கிறது. ஆனால் அந்த வருஷம் இருப்பதால்தான் என் முடிவே நிற்கிறது. எவ்வளவு மோசமான வருஷமானாலும் நம் பக்கம் கார்த்திகை முழுசாகப் பொய்த்ததில்லை என்று சொல்ல முடிகிறது." அந்த இடம் வந்ததும் கடுதாசியை மடித்துவிட்டேன். அது எந்த வருஷம் என்று நீ எழுதவில்லை. நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பது இல்லை.

தாயி, அந்தக் கார்த்திகையில் மழையே பெய்யவில்லை. ஒரு சொட்டுக்கூட. அந்த ஒன்பது நாள் மழையையும் நான் பேனாவால் பெய்ய வைத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊர் சின்ன ரெவின்யூ ஆபீஸில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, மழை அளக்கிற வேலையை யாரும் விரும்பவில்லை. முற்றத்தில் தரையில் பதித்த ஒரு செம்பு, மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டு மணிக்குப் பாட்டிலை எடுத்து, விழுந்திருக்கிற தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, இஞ்சை நூறு சென்ட்டாகப் பிரித்து, இத்தனை இஞ்சு இத்தனை சென்ட் என்று எழுத வேண்டும். நம் பூமியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பாட்டிலில் தூசிதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பொங்கலும் உண்டு. கடைசியாக வந்தவன் தலையில் கட்டினார்கள். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்புறம் உன் சித்தி கல்யாணத்துக்குக் காரியாபட்டிக்குப் போய் ரெண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்து, பாட்டிலில் இருந்ததை ரெண்டு நாளுக்கும் பாதிப் பாதியாகப் பங்கு வைத்து எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரி நாட்கள் முதல் ஆறு வருஷத்தில் இருபதுக்கு மேல் இருக்கும். அவற்றையும் கல்கத்தாக்காரருக்குச் சொல்லிவிடு. எந்தெந்த நாள் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று எழுது.

ஆனால் அந்த ஒன்பது நாளும் எனக்கு மனப்பாடம். அந்த வருஷம் ஐப்பசியில் ரெண்டு தூறல் விழுந்தது. அதை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்தவர்களுக்கு முளை வந்தது, அதோடு சரி. கார்த்திகை பிறந்ததும் கரிசல் மண், கால் நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. நான் தினமும் எட்டு மணிக்குப் போய், காலிப் பாட்டிலைப் பார்த்துச் சைபர் எழுதிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் மேலேயிருந்து ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, மாசம் பூராச் சைபர் சைபராப் போட்டு வச்சிருக்கீரு?" என்றார்.

"மழை இல்லைங்க."

"கிழக்க மழை இருக்கு. வடக்க மழை இருக்கு. ஒம்ம செம்புல மட்டும் எப்படிய்யா இல்லாமப் போகும்? செம்பு ஓட்டையா, நீரு ஓட்டையா?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இப்படி ஒரு மாசம் சைபர்னு மேல போச்சுன்னா, இந்தப் பக்கம் அத்தனை ஊருக்கும் பஞ்சம்னு கஞ்சித்தொட்டி திறக்கணும். கலெக்டர் தொரை கேம்ப் போடுவாரு. முன்னாடியே ஏன் எழுதலைன்னு என்னையக் கேப்பாரு, என்னைய விட்டா ஒம்மையத்தான் கேப்பாரு. நானா பொய் எழுதச் சொல்றேன்? நல்லாப் பாத்து எழுதும்னுதான் சொல்றேன்." சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை வைத்து எந்தக் கோர்ட்டிலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் எழுதச் சொல்லவில்லை. எழுதியவன் நான்.

அந்த மாதத்துத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன் தொழிலுக்கு அது உதவும். பக்கத்து ஊர்ச் செம்பில் எவ்வளவு என்று விசாரித்து, அதில் பாதிக்கும் குறைவாக வைத்தேன். கால் இஞ்சு, அரை இஞ்சு என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று, முப்பத்தேழு சென்ட், பன்னிரண்டு சென்ட், நாற்பத்தொன்று என்று கோணலாகப் போட்டேன். அடுத்தடுத்த நாள் போட்டால் மிகையாக இருக்கும் என்று ரெண்டு நாள், மூன்று நாள் இடைவெளி விட்டேன். ரொம்ப நிதானமாக, ரொம்ப அக்கறையாகச் செய்தேன். நிஜ மழைக்கு அந்த அக்கறை கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வருஷம் கழித்து என் மகளே அதைக் கண்டுபிடிப்பாள் என்றும் தோன்றவில்லை.

இல்லை, நீ அப்போதே கண்டுபிடித்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உனக்குப் பன்னிரண்டு வயது. மாதக் கூட்டல் போட ரிஜிஸ்டரை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன், நீ எனக்கு முன்னால் மனசிலேயே கூட்டிச் சொல்லிவிடுவாய். அன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தவள், விரலை ஒரு இடத்தில் வைத்தாய். "அப்பா, இந்த நாளு முப்பத்தேழு சென்ட்டுன்னு எழுதியிருக்கீக. அன்னைக்குத்தான அம்மா சீனியவரை வத்தல் காயப் போட்டாக? நான்தான் சாயங்காலம் வரைக்கும் காக்கா வெரட்டுனேன். மழை பேயலையே?" என்றாய். நான் உன்னை அடித்தேன். அதுவரை உன்னை நான் அடித்ததே இல்லை. "பொட்டப் பிள்ளைக்கு ஆபீஸ் நோட்டுல என்ன வேலை?" என்று கத்தினேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து, உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கடைசி வரை அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தை பிறந்தபோது கஞ்சித்தொட்டி திறந்தார்கள். மழைக் கணக்கைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கினார்கள். மேற்கே ஒரு நாள் நடைத் தூரத்தில் இருந்த ஊர்களுக்குக் கிடைத்தது. நம் செம்பின் கணக்கில் வருகிற ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் நாலு இஞ்சுக்குக் கிட்டத்தில் மழை பெய்திருக்கிறதே.

ஒரு நாள் முற்பகலில் பரளச்சிப் பக்கமிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். பியூன் விரட்டியும் போகவில்லை. அவர்களில் ஒருத்தி மட்டும் படியேறி என் மேஜை வரைக்கும் வந்தாள். பேர் முத்திருளாயி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை அழவில்லை, என் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது குடிக்கிற சமாச்சாரம் என்று நினைத்ததோ என்னவோ.

"சாமி, எங்க பக்கம் மழை பேஞ்சிருக்குன்னு இங்க எழுதியிருக்காமே. அதான் கஞ்சித்தொட்டி இல்லைங்குறாக. எந்தக் காட்டுல பேஞ்சுதுன்னு கையக் காட்டுங்க சாமி. போயிக் குடிச்சிட்டு வாறோம்" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை, தாயி. நிஜமாகவே கேட்டாள். ஆபீஸில் எழுதியிருப்பதால் எங்கேயோ பெய்துதான் இருக்க வேண்டும், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக் கேட்டாள். என் எழுத்தை அவ்வளவு நம்பினாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, பெரிய ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றேன். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மாசி மாதம் வீரசோழனிலிருந்து துணி மூட்டையோடு வருகிற ராவுத்தர் வந்தார். உன் அம்மா சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "பரளச்சிக்காரப் பொம்பளை ஒருத்தி, மேக்க கஞ்சி குடிக்கப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கா. வெளியூர்க்காரிக்குக் கிடையாதுன்னு மொத நாளு திருப்பிட்டாங்க. மறுநாளும் நின்னு பாத்துட்டுத் திரும்பியிருக்கா. வர்ற வழியில பிள்ளை போயிருச்சு. ரோட்டோரம் உக்காந்திருந்தவ என்னைக் கண்டதும், போர்த்தறதுக்கு அரை கஜம் வெள்ளைத் துணி குடுங்கன்னு கேட்டா. குடுத்தேன். பனை மரத்தடியில ரெண்டு பேருமாத்தான் குழி தோண்டுனோம்." சொல்லிவிட்டு அவர் அடுத்த சேலையை உதறிக் காட்டினார். உன் அம்மா சேலை வாங்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அது முத்திருளாயிதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் ஒன்றுதான்: அதற்குப் பிறகு பதினைந்து வருஷம், ஓய்வு பெறுகிற நாள் வரை, ஒரு நாள்கூட விடாமல் அந்தச் செம்பை அளந்தேன். காய்ச்சலில் கிடந்தபோது வண்டி வைத்துப் போனேன். அந்தப் பதினைந்து வருஷக் கணக்கில் ஒரு சென்ட் தப்பு இருக்காது, அதை நீ நம்பலாம். ஆனால் அது நேர்மை இல்லை தாயி, பயம். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் ஆபீஸ் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எழுந்து வெளியே போய்ப் பார்ப்பேன். முற்றம் காய்ந்து கிடக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒன்றும் கேட்காத மாதிரி எழுதிக்கொண்டிருப்பார்கள். வருஷா வருஷம் கார்த்திகையில் அந்த ஒன்பது தேதிகளிலும் கேட்கும். முப்பத்தேழு சென்ட் அன்றைக்குப் பலமாக. பன்னிரண்டு சென்ட் அன்றைக்கு லேசாக. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த வருஷமும் கேட்டது.

உன் அம்மா இறந்த அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஏழே முக்காலுக்கு நான் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "எங்க போறீக?" என்று கேட்டாய். "செம்பைப் பாத்துட்டு வாரேன்" என்றேன். "இன்னைக்குமா?" என்றாய். நான் போய்விட்டேன். பாட்டில் காலியாகத்தான் இருந்தது. சைபர் எழுதிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் நீ என்னோடு பேசவில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது லேசாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தபோது கணக்கில் உன்னை முந்த ஆள் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வீட்டுக்கே வந்து, "மதுரைக்கு அனுப்புங்க, காலேஜ்ல கணக்கு எடுத்து இன்டர் படிக்கட்டும், இவ எங்கயோ போவா" என்றார்கள். நான் முடியாது என்றேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சொன்னேன். ஊரில் எல்லா அப்பாவும் சொல்கிற காரணம், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நீ ரெண்டு நாள் சாப்பிடவில்லை. நிஜக் காரணம் வேறு. எண்களைப் பார்த்து எது பொய் என்று சொல்லத் தெரிந்த ஒருத்தி என் வீட்டில் வளர்வது எனக்குப் பயமாக இருந்தது. உன்னைக் கணக்கிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினேன். ஆக, "எனக்கு முறையான படிப்பு இல்லையே" என்று விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் நீ கூசிக் கூசி எழுதுகிறாயே, அந்தக் குறை உன்னுடையது இல்லை. என்னுடையது. நான் தள்ளிய பிறகும் பன்னிரண்டு வருஷம் சுற்றிக்கொண்டு நீ அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறாய். எனக்கு அதில் பெருமைப்பட உரிமை இல்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது எந்த இடத்துக்கு எழுதலாம் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். எனக்கு லண்டனும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. கல்கத்தா எந்தத் திசை என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவேன், அவ்வளவுதான். மூன்று பேர் எழுதிய பதில் மட்டும் முன்னால் இருக்கிறது. ஒருவர் நீ கணக்குப் போட்ட அழகைப் பார்த்தார். ஒருவர் நீ எங்கே படித்தாய் என்று பார்த்தார். கல்கத்தாக்காரர் ஒருவர்தான் உன் எண்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அங்கே யார் நிற்கிறது என்று கேட்டார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் உன்னைச் சந்தேகப்படவில்லை தாயி. உன்னைத் தவிர வேறு யாரோ தப்புச் செய்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரே ஒரு ஆள், "எட்டு மணிக்கு நீரு நேர்ல பாத்தீரா?" என்று என்னைக் கேட்டிருந்தால், நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. யாரும் கேட்கவில்லை. அவரிடம் படி. லண்டனுக்கும் எழுதிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கட்டுரையை இப்படியே அனுப்பாதே. நம் பக்கம் கார்த்திகை முழுசாகப் பொய்ப்பதில்லை என்று உன் பேரில் அச்சில் வந்தால், இனி எந்தப் பஞ்சத்திலும் கஞ்சித்தொட்டி கேட்டு வருகிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டுவார்கள். சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் ஆபீஸ்கள் அதே ஆபீஸ்கள்தான். நான் ஒரு வருஷத்துக்குச் சொன்ன பொய்யை நீ எல்லா வருஷத்துக்குமாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இதைப் படித்ததும் உன் கட்டுரை உடையும். ஒரு வருஷ உழைப்பு, ஆபீஸ் முடிந்து நீ செய்தது. தெரிந்துதான் உடைக்கிறேன். என் மேல் உனக்கு வருகிற கோபம் எவ்வளவு நாள் இருந்தாலும் சரி, இந்தத் தடவை அதற்குச் சரியான காரணம் உன் கையில் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பழைய ஆபீஸுக்குப் போனேன். அந்த மாதத்துக் கணக்கு பொய், திருத்திக்கொள்ள வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு போயிருந்தேன். இப்போது இருக்கிற ஆபீஸர் சின்னப் பையன், மரியாதையாக நாற்காலி போட்டார். மனுவைப் படித்துவிட்டுத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "பெரியவரே, பதினாறு வருஷத்துக்கு முந்தின நோட்டை அடிச்சுத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. அந்த இன்ஸ்பெக்டரும் செத்துப் போயிட்டாராம். யாருக்கு என்ன லாபம்? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். நான் தபாலாபீஸுக்குப் போய் அதையே ரிஜிஸ்டர் தபாலில் அவருக்கும், அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் அனுப்பினேன். எனக்கு என்ன ஆகும் என்று நீ யோசிக்க வேண்டாம். அதை யோசித்து யோசித்துத்தான் இவ்வளவு வருஷம் ஓட்டினேன்.

மறுநாள் பஸ்ஸில் பரளச்சிப் பக்கம் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்தேன். முத்திருளாயி உயிரோடு இருக்கிறாள். பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ரெண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, பெரியவன் இப்போது எட்டாவது படிக்கிறானாம். வரப்பில் நின்றுகொண்டு நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். நடந்து வந்த வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அந்த மழைய நான்தான் எழுதினேன். பேயலை. எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பேயலைன்னு எங்களுக்குத் தெரியும் சாமி. நீங்க வந்து சொல்லணுமா?" என்றாள். மறுபடி களையை வெட்டிக்கொண்டே, "இப்ப எதுக்கு வந்தீக?" என்றாள்.

"திருத்தி எழுதணும். எம் மக இதை வச்சுப் படிக்கிறா. அந்த மாசம் எந்த நாளும் பேயலைன்னு பாத்தவுக ஒருத்தர் சொல்லணும்."

அவள் களைவெட்டியை மண்ணில் குத்திவிட்டு, வரப்பில் உட்கார்ந்து சொன்னாள். நாள் நாளாகச் சொன்னாள். கார்த்திகை தீபத்துக்கு எண்ணெய் இல்லாமல் விளக்கு ஏற்றாதது, அதற்கு மூன்றாம் நாள் கிணற்றில் வாளி சேற்றில் உட்கார்ந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டை விற்றது, மாட்டை அவிழ்த்து விட்டது. ஒவ்வொன்றுக்கும், "அன்னைக்கும் இல்லை" என்றாள். நான் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். என் ஒன்பது தேதிகளுக்கு நேராகவும் சைபர் போட்டேன்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா."

"எம் பிள்ளை எதுலயாவது இருக்கா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பொறந்தப்ப எழுதிக்கிற ஆளு வரலை. வழியில செத்ததுனால, இது எங்க ஊருச் சாவு இல்லைன்னு அந்த ஊர்ல எழுதலை, இங்கயும் எழுதலை. எந்த நோட்டுலயும் இல்லைன்னு எம் பெரியவன் விசாரிச்சுச் சொன்னான். நீங்க எழுதுறதுதான் நிக்கிது. இதுல எழுதுங்க."

பேர் கேட்டேன். இத்தனை வருஷம் தினமும் நினைத்த பிள்ளை, தாயி. பேரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. பேச்சி என்று சொன்னாள். ரெண்டரை வயசு, பெண் பிள்ளை. சைபர்களுக்குக் கீழே எழுதினேன். அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்ட வரிக்குப் பதில் இதுதான். கல்கத்தாவுக்கு அனுப்பும்போது கீழ்ப்பகுதியை வெட்டிவிடாதே. மழைக் கணக்கில் இது எதற்கு என்று அவர் கேட்டால், நடந்ததைச் சொல். கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எழுதியதை அவளிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல பேரு எது?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். நான் விரலை எடுத்ததும் அந்த இடத்தில் அவள் தன் விரலை வைத்தாள். மண் விரல், தாளில் கறை இருக்கும், பார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் களைவெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டாள்.

உன் அப்பா